சண்டை போட்டதும் திருநெல்வேலி, திரும்பி வந்ததும் திருநெல்வேலி: மாமாவுக்கு என்ன செய்யலாம்?

தேரிக்காட்டான் | இரவு 11:48

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மழை, பஸ், குவாரி லாரி என்றுதான் வழக்கமாக எழுதுவேன். இன்றைக்கு வீட்டு விஷயம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமாவுக்கு 59 வயது. திசையன்விளைப் பக்கம் பனையேறிப் பிழைத்த குடும்பம். 1985-ல் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய் ஓடி, நெஞ்சை விரித்துக் காட்டி, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்துவிட்டார். வெலிங்டனில் பயிற்சி. 1987-ல் 21 வயசில், இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். 1990-ல் திரும்பி, 91 தொடக்கத்தில் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பென்ஷன் கிடையாது.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. போன புதிதில் மாமா ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டிருக்கிறார், "நான் நல்லா இருக்கேன், இப்ப திருநெல்வேலியிலதான் இருக்கேன்" என்று. ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரர்தான் வாசித்துச் சொன்னார். மறுநாள் விடியற்காலையில் ஆச்சி கருப்பட்டியும் முறுக்கும் கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஜங்ஷனில் இறங்கி, போலீஸ்காரர், கூலி, டீக்கடை என்று எதிரில் வந்தவரிடமெல்லாம் "பட்டாளம் எங்கய்யா தங்கியிருக்கு" என்று கேட்டுக் கேட்டு, பொழுது சாய வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது இதை எடுத்துச் சொல்லிச் சிரிப்போம். அந்த நேரம் மாமா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பீடி பற்றவைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1987 அக்டோபர் 12 அதிகாலையில் அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில்தான் சீக்கியப் படைவீரர் 30 பேரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். புலிகளோடு நடந்த சண்டையில் 29 பேர் செத்து, ஒருவர் பிடிபட்டார். மாமா அதில் இல்லை, பிறகு தரைவழியாக அந்த ஊருக்குள் நடந்து போன படையில் இருந்தவர். இது எனக்கே போன வருஷம்தான் தெரியும், அதுவும் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே புதிதாக ஒரு கல்குவாரி வந்திருக்கிறது. சாயந்தரம் வெடி போடுகிறார்கள். அன்றிலிருந்து மாமாவுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. திண்ணையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பார், நான் மூன்று மணிக்கு எழுந்து பார்த்தாலும் அப்படியேதான். போன மாசம் சுடலைமாடன் கொடையில் வேட்டு போட்டபோது, பக்கத்தில் நின்ற என் மகளை (ஆறு வயசு) இழுத்துத் தரையில் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துவிட்டார். பிள்ளைக்கு முழங்கை உரிந்து ரத்தம். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "பட்டாளத்துக்காரருக்கு வந்த பயத்தப் பாருல" என்று ஒருத்தன். அன்றையிலிருந்து மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அத்தை யாரிடமோ திருநீறு போடக் கூட்டிப்போகலாம் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எந்த டாக்டரிடம் போவது? பென்ஷன் இல்லாதவருக்கு ராணுவம் வழியாக எதாவது உண்டா? அவரை உட்காரவைத்து அந்தக் கதையைக் கேட்கலாமா, இல்லை கிளறக்கூடாதா?

இன்னொன்று, சின்னதுதான். பனங்காட்டுக்குள் நடக்கும்போது மாமா என் காலடித் தடத்திலேயே கால் வைத்து வருவார். சின்ன வயசில் அதை விளையாட்டு என்று நினைத்து நானும் தாவித்தாவி நடப்பேன்.

மூன்றடைப்பு_முத்து | காலை 6:15

திருநீறு போடுவதில் தப்பில்லை தம்பி, மனசுக்கு ஒரு தெம்பு. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். குவாரிக்காரனிடம் வெடி போடும் நேரத்தையாவது முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள், திடீரென்று கேட்பதற்கும் தெரிந்து கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பழைய_ஹவில்தார் | காலை 9:02

தேரிக்காட்டான், அது விளையாட்டு இல்லை. நானும் 88-ல் வன்னியில் இருந்தவன், சிக்னல்ஸ். காட்டுக்குள் போகும்போது முன்னால் போகிறவன் காலை எடுத்த இடத்தில்தான் பின்னால் வருகிறவன் காலை வைக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி வைத்தால் போச்சு. ஜொனி என்று ஒரு மிதிவெடி, பெரும்பாலும் மரப்பெட்டிதான், இரும்பு தேடும் கருவி கத்தாது. ஆளைக் கொல்வதைவிடப் பாதத்தைத்தான் அதிகம் எடுக்கும். ஒருத்தன் பாதம் போனால் அவனைத் தூக்க நாலு பேர் வேண்டும், அதோடு அன்றைய ரோந்து முடிந்தது. எனக்கு முன்னால் நடந்த பையன் அப்படிப் போனவன். ரேடியோவில் ஹெலிகாப்டர் கேட்டுக்கொண்டே நான் பார்த்தது அவன் பூட்ஸை மட்டும்தான், அது தனியாக, கட்டின லேஸோடு, ஒரு மரத்தடியில் கிடந்தது. நான் இன்றைக்கும் என் வீட்டில் யார் செருப்பும் ஒற்றையாகக் கிடக்க விடமாட்டேன், மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

புலிக்காரன் கையில் ஏகே துப்பாக்கி, எங்கள் கையில் எஸ்.எல்.ஆர். நாங்கள் ஒன்று ஒன்றாகச் சுடுவதற்குள் அவன் மேகசினைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவான். எங்கள் ஆட்கள் 1,100 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன், இது கசப்பாக இருக்கும். ஜவானுக்குப் பென்ஷன் 15 வருஷத்துக்குத்தான். அதற்கு முன்னால் தானாக எழுதிக் கொடுத்து வந்தவருக்குப் பென்ஷன் மட்டும் இல்லை, "முன்னாள் படைவீரர்" என்ற பெயரே சட்டப்படி கிடைக்காது. ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை பெரும்பாலும் பென்ஷன்காரர்களுக்குத்தான். மெடிக்கல் போர்டு வழியாக வெளியே வந்திருந்தால் கதை வேறு. 91-ல் உங்கள் மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லியிருந்தால் போர்டுக்கு அனுப்பியிருப்பார்களா? அனுப்பியிருக்க மாட்டார்கள், "ரம் போட்டுட்டுப் படுடா" என்றிருப்பார்கள். அதற்கென்று ஒரு வியாதிப் பெயர் இருக்கிறது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அதில் வெளியேறிய காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாமே.

பாளை_நர்ஸ் | பகல் 1:30

டிஸ்சார்ஜ் புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு எந்த அட்டையும் வேண்டாம், ஓ.பி. சீட்டு போதும். கூட்டிப்போவதற்கு முன் பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசி வழி கேட்கலாம்.

35 வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது எப்படி என்று கேட்பீர்கள். சும்மா இருந்திருக்க மாட்டார். வேலை, பிள்ளைகள் என்று மேலே மண்ணைப் போட்டு மூடி வைத்திருப்பார். வயசாகி, வேலை குறைந்து, உடம்பும் தளரும்போது ஒரு சத்தம் போதும். இப்படிப் பிந்தி வருவது புதிது இல்லை. டாக்டர் செர்ட்ராலின் மாதிரி எதாவது கொடுத்தால் நாலைந்து வாரம் ஆகும் கேட்பதற்கு, இரண்டு நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். குடிக்கிறாரா? எழுதவில்லை நீங்கள். தூக்கத்துக்காகக் குடிப்பவர்களுக்கு அதே குடிதான் நடுராத்திரி எழுப்பிவிடும்.

முக்கியமானது: கெட்ட கனவில் முனகினால் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தொட்டு எழுப்பப் போய்க் கழுத்தைப் பிடித்துவிட்டதாக அழுதுகொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கதையைக் கேட்கலாமா என்றால், நீங்கள் தோண்டாதீர்கள், அவராகச் சொன்னால் எழுந்து போகாதீர்கள். சொல்லி முடித்ததும் அறிவுரை சொல்லாதீர்கள்.

வீரநடை | பிற்பகல் 3:11

நாட்டுக்காகப் போரிட்டவரை மனநோயாளி மாதிரி எழுதி ராணுவத்தின் மானத்தை வாங்காதீர்கள். உண்மையான சிப்பாய் வெடிச் சத்தத்துக்குப் பயப்பட மாட்டான்.

அம்பை_பையன் | மாலை 5:40

வீரநடை அண்ணாச்சி, நீங்கள் எந்த யூனிட்? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

எனக்கு 31 வயசு. ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் தெற்குக் காஷ்மீரில் இரண்டு வருஷம் இருந்தேன். 19 வயசில் சேர்ந்து, மெடிக்கலில் வெளியே வந்து மூன்று வருஷம் ஆகிறது. காலில் பட்டது ஆறிவிட்டது. போர்டில் என் தலைக்குள் இருப்பதைப் பற்றி "பணியால் வந்ததல்ல" என்று எழுதிவிட்டார்கள். சேரும்போது இல்லாத வியாதி சர்வீஸில் வந்தால் சர்வீஸால் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, அதை வைத்துச் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டிருக்கிறேன். வாய்தா வாய்தாவாகப் போகிறது.

எனக்கு வெடிச் சத்தம்கூடப் பழகிவிட்டது. பழகாதது சத்தம் இல்லாத இடம். அங்கே ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது நாய் குரைக்கவில்லை, பிள்ளைகள் விளையாடவில்லை என்றால் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். இப்போது பாபநாசம் ரோட்டில் மத்தியானம் தெரு காலியாகக் கிடந்தால் எனக்கு முதுகெல்லாம் வேர்க்கும். பஸ்ஸில் கடைசி சீட்தான். கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன், பின்வழி தெரிய வேண்டும். மனைவி முதலில் சண்டை போட்டாள், இப்போது எனக்கு முன்னால் போய் அந்த இடத்தைப் பிடித்து வைக்கிறாள்.

பார்க்கிறவன் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "எத்தன பேரச் சுட்டிய?" என்னோடு இருந்தவன் சாத்தாராக்காரன். அவன் அம்மா மாசம் ஒருமுறை போன் செய்வார். எனக்கு மராத்தி தெரியாது, அவருக்கு இந்தி பாதிதான். "ஜேவ்லாஸ் கா" என்பார், சாப்பிட்டாயா என்று அர்த்தம். சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். அந்த அம்மா ஒருநாளும் எப்படி நடந்தது என்று கேட்டதில்லை.

தேரிக்காட்டான் அண்ணே, கொடையில் உங்கள் மாமா பயந்து ஓடவில்லை. பிள்ளை மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறார். இதை யாராவது அவரிடம் சொன்னீர்களா?

தேரிக்காட்டான் | இரவு 10:20

அம்பைத் தம்பி, கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. யாரும் சொல்லவில்லை. நான்கூட அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "என்ன மாமா நீங்க" என்றுதான் கத்தினேன்.

நர்ஸ் அக்கா, குடிப்பார். தினமும் இல்லை.

வீரநடைக்கு ஒன்று. 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தப்பா என்று நான் இங்கே சண்டைக்கு வரவில்லை, அன்றைக்குத் தமிழ்நாட்டில் பாதிப் பேரின் மனசு அப்படித்தான் இருந்தது. மாமா லீவில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் எழுந்துவிடுவாராம். "நம்ம சனத்தச் சுட்டுட்டு வந்திருக்கான்." அம்மா சொன்னது இது. அடுத்த வருஷம் மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் செத்தார். அப்போது அதே டீக்கடையில், அதே ஆட்கள், "நீங்க அங்கேயே ஒழுங்கா முடிச்சிட்டு வந்திருக்கணும்வே" என்றார்களாம். மாமா அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். ஒரு வருஷ இடைவெளியில் ஒரே பெஞ்சில் ஒரு மனுஷனுக்கு இரண்டு தீர்ப்பு, என்ன நடந்தது என்று கேட்டவன் ஒருத்தன் இல்லை.

இணுவிலான் | நள்ளிரவு 12:55

கன நாளா இஞ்ச வாசிக்கிறனான், எழுதினதில்லை. நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலிதான். நாங்கள் தின்னவேலி எண்டுதான் சொல்லுறது. கலியாணம் கட்டினது இணுவிலில, அதுதான் இந்தப் பேர்.

87-ல எனக்கு ஒன்பது வயது. பீரங்கிச் செல் வரத் தொடங்கினதும் அம்மா எங்கள இழுத்துக்கொண்டு நல்லூர்க் கோயிலுக்கு ஓடினவ. அங்க கால் வைக்க இடமில்லாமச் சனம். பெரியப்பா மட்டும் மாட்டை அவிழ்த்து விட்டிட்டு வாறன் எண்டு நிண்டவர். நாங்கள் திரும்பி வரேக்க மாடு நிண்டது, பெரியப்பா இல்லை. அந்தத் தீபாவளிக்குத்தான் பெரியாஸ்பத்திரிக்குள்ள இந்திய ஆமி பூந்து சுட்டது, ஆஸ்பத்திரி ஆக்கள் மட்டும் 21 பேர். நோயாளியள் வேற. உங்கட ஊரில கோயில் வெடிக்கு மாமா பயப்பிடுறார் எண்டால் எங்கட ஊரிலயும் அந்த நாளுக்கு விளக்கு வைக்காத வீடுகள் இருக்கு.

கோபத்தோடதான் எழுதத் தொடங்கினனான். எழுதி எழுதி அழிச்சன்.

ஒண்டு சொல்லவேணும். எங்களுக்குக் கூடுதலாப் பயம் தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரனிட்டத்தான். இந்திக்காரனுக்கு முன்னால நாங்கள் எங்களுக்குள்ள கதைக்கலாம், இவர் நிண்டால் வாய் திறக்கேலாது. ஆனால் பெரியப்பாவைக் காணேல்லை எண்டதும் அம்மா ஓடிப்போய் அழுதுகொண்டு நிண்டதும் அவரிட்டத்தான். வேற ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? அந்தப் பெடியனுக்கும் ஒரு இருபது இருபத்தொண்டு வயதுதான் இருக்கும், இப்ப யோசிச்சால். அவன் அம்மாவின்ர முகத்தைப் பாக்கேல்லை. நிலத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன்.

உங்கட மாமாவா எண்டு கேக்கேல்லை. அப்பிடி எத்தினையோ பேர். ஆனால் அவரிட்ட இதை வாசிச்சுக் காட்டுங்கோ. மன்னிப்பு ஒண்டும் நான் குடுக்கேல்லை, அது என்ர கையிலயும் இல்லை. வாசிச்சுக் காட்டுங்கோ, அவ்வளவுதான்.

வீரநடை | காலை 7:20

புலிகள் செய்ததையும் எழுதுங்கள். ஒருபக்கக் கதை

மட்டுறுத்துநர் | காலை 7:45

மேலே இருந்ததில் பாதியை நீக்கியிருக்கிறேன். யார் முதலில் சுட்டது என்று பேச இந்தத் தளத்தில் ஏற்கெனவே மூன்று இழைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நூறு பக்கம். இங்கே தேரிக்காட்டான் கேட்டதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள்.

தேரிக்காட்டான் | 12 நாள் கழித்து, இரவு 9:30

தாமதத்துக்கு மன்னியுங்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அம்பைத் தம்பி சொன்னதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைதான் முழங்கைத் தழும்பைக் காட்டி, "தாத்தா, குண்டு வந்தா என்ன மறுபடி மூடிக்கிடுவியா" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமா "ம்" என்றார். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

நாலு நாள் கழித்து இணுவிலான் எழுதியதைப் போனில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசி என்றார். "படலை" என்ற வார்த்தை வீட்டில் மாமா மட்டும்தான் சொல்வார். கேட்டைச் சாத்து என்று சொல்ல மாட்டார், படலையைச் சாத்து என்பார். பட்டாளத்துப் பேச்சு என்று நினைத்திருந்தோம். அது யாழ்ப்பாணத்துப் பேச்சு என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

பிறகு அவராகவே சொன்னார், நான் குறுக்கே பேசவில்லை. பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்டே ஒரு வீடு, வெளிவேலி பனையோலை, உள்ளே துலா (ஏற்றம்) வைத்த கிணறு. தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வயசான அம்மா இறைத்து ஊற்றியிருக்கிறார். இவர் தமிழ் பேசுவதைக் கேட்டதும் "எந்த ஊர் தம்பி" என்றாராம். திருநெல்வேலி என்றிருக்கிறார். அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட ஊர்ப் பேரையும் எடுத்துப்போட்டியளோ" என்று கேட்டாராம். இல்லம்மா, எங்க ஊர் பேரும் அதுதான், அங்கயும் இப்படித்தான் பனை, இப்படித்தான் ஓலை வேலி என்று விளக்கிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை என்கிறார் மாமா.

மூன்று நாலு மாசம் கழித்து அதே தெருவில் சுற்றிவளைப்பு. ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்கிற முகமூடி போட்ட தலையாட்டியை உட்காரவைத்து, ஒவ்வொருவராக முன்னால் விட்டார்கள். அந்த வீட்டுப் பேரனைப் பார்த்துத் தலையாட்டி தலையை ஆட்டியிருக்கிறான். பதினாறு பதினேழு வயசுப் பையன். அவன் சொல்வதை மொழிபெயர்க்க மாமாவை நிறுத்தினார்கள். "அண்ணை, நான் டியூஷனுக்குப் போறனான், இதில ஒண்டிலயும் இல்லை." அதை இந்தியில் சொன்னாராம். "சரியாத்தான் சொன்னேன் மருமவனே, ஒரு வார்த்த விடாமச் சொன்னேன்" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டார். பையனை லாரியில் ஏற்றினார்கள். மாமாவின் கம்பெனியை அடுத்த வாரமே வவுனியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியாது.

ஹைகிரவுண்டுக்குப் போனோம். வரிசையில் இரண்டரை மணி நேரம், சுவர் ஓரமாகவே நின்றார். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாராவாரம் வந்து பேசவும் சொல்லியிருக்கிறார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது, முதல் பக்கம் மட்டும் மிச்சம். குவாரியில் போய்ப் பேசினேன். வெடி போடுவதற்கு முன்னால் சங்கு ஊதுவதாகச் சொன்னார்கள், இரண்டு நாள் ஊதினார்கள், அப்புறம் இல்லை.

இணுவிலான் அண்ணே, மாமா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா என்று. பையனைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை, கிணற்றைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இணுவிலான் | இரவு 10:10

பரமேஸ்வராச் சந்தியிலயிருந்து எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்துக் கிணறுகளில இப்ப துலா இல்லை, எல்லாம் மோட்டர். என்ர மச்சான் அதில கிட்டத்தான் கடை வைச்சிருக்கிறார். கம்பஸ் மதிலோட போற ஒழுங்கையோ, இல்லாட்டி ரோட்டுக்கு மற்றப் பக்கமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அந்தப் பெடியனின்ர பேரும் ஞாபகம் இருந்தால் கேளுங்கோ.

தேரிக்காட்டான் | இரவு 10:25

கேட்கிறேன் அண்ணே. இப்போது தூங்குகிறார், எழுப்பவில்லை. காலையில் கேட்டு எழுதுகிறேன்.